தகவல் ஏதுமின்றி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூர்–கிருஷ்ணகிரி சாலையில் ஒரு தொழிற்சாலை, அதில் பணியாளர் பிரிவு, அதில் என் மேசை. வேலைக்கு வராமல் போனவர்களுக்கு அனுப்பும் கடிதம் ஒன்று என் கணினியில் இருக்கிறது. 'தாங்கள் ______ தேதி முதல் தகவல் ஏதுமின்றிப் பணிக்கு வரவில்லை' என்று தொடங்கும். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவேன். ஆறு வருடங்களில் நான் எழுதி அதிகம் பேர் படித்தது இந்த ஒரு வாக்கியம்தான். [பத்திரிகைகளுக்கு அனுப்பிய நான்கு கதைகளும் திரும்பி வந்துவிட்டன. இதை மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்கள்.]

இன்று அதில் மாரிமுத்துவின் பெயரைப் போட வேண்டும். தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் ஒன்பது வருடம் நின்றவர். பத்து நாளுக்கு மேலாக ஆளைக் காணோம். கடிதம் போய் ஏழு நாளில் சரியான பதில் வராவிட்டால் வேலை போய்விடும். அதை எழுத வேண்டிய நேரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: 'தொப்பூர்க் கணவாயில் வண்டியை நிறுத்திய மாரிமுத்து திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஓசூரின் விளக்குகள்' — வேண்டாம். தொப்பூரிலிருந்து ஓசூர் தெரியாது. நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: 'தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்ற செய்தி வந்தபோது' — இதுவும் வேண்டாம். எங்கள் கம்பெனி விடுப்பு விண்ணப்பங்களில் அம்மாக்கள் ஏற்கெனவே போதுமான அளவு படுத்துக் கிடக்கிறார்கள்.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். ஜூன் 12, வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. என் ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் நீலச் சட்டையில் மாரிமுத்து.

"நாலு நாள் லீவு வேணும் மேடம். ஊருக்குப் போகணும்."

"என்ன காரணம் போடறதுங்கண்ணா?"

"காரணமெல்லாம் இல்ல. சும்மாதான்."

கணினியில் நோய், திருமணம், இறப்பு, திருவிழா என்று நான்கு காரணங்கள். ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். சும்மா என்பது அதில் இல்லை.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போட்டுக்கறேன்."

"வேணாம் மேடம். நல்லா இருக்கவங்கள எதுக்குச் சீக்காளி ஆக்கணும்? பொங்கலு, தங்கச்சி கல்யாணம், அப்பா காரியம்னு ஒம்போது வருசமா கூட்டத்துக்குள்ளயே போயிட்டு வந்திருக்கேன். எங்கம்மாகூட ஒக்காந்து பேசுனதே இல்ல. ஒருவாட்டி ஒண்ணும் இல்லாம போகணும்."

"கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்கண்ணா."

"அப்ப இப்பவே கெளம்புறேன். நாலு நாள்ல வந்துருவேன். உங்ககிட்ட சொல்லிட்டேன் மேடம்."

"சரிங்கண்ணா," என்றேன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

அவருடைய ரூம் ஜூஜுவாடியில். வடக்கே போக வேண்டிய அவர் பைக் கேட்டைத் தாண்டியதும் தெற்கே திரும்பியதை செக்யூரிட்டி பார்த்திருக்கிறார். பை இல்லை, மாற்றுத்துணி இல்லை.

3

எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். மாரிமுத்துவின் மேல் இல்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் மேல்.

[அடிக்குறிப்பு. மேலே சேர்க்க மனம் வராததால் இங்கே. கணினியில் காரணங்கள் நான்கு அல்ல, ஐந்து. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டால் நான் இரண்டு வரி விளக்கம் எழுதி, மேலாளர் தீர்த்தகிரி சாரிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் ஊர் கெலமங்கலத்துக்குக் கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். உட்கார்ந்து போக ஆசைப்பட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.]

4

இன்று காலை தீர்த்தகிரி சார் கேட்டார். "இன்னா முனிலட்சுமி, அந்த பிரஸ் ஷாப் ஆளுக்கு லெட்டர் போச்சா?"

"சார், அவரு..."

"அவரு இன்னா?"

"ஒண்ணுமில்ல சார். சாயந்தரம் தபால்ல போயிரும்."

[இந்த இடத்தில் நான் துணிச்சலாகப் பேசியதாக மூன்று வரி இருந்தது. அடித்துவிட்டேன்.] மாரிமுத்து சொல்லிவிட்டுத்தான் போனார் என்றால், யாரிடம் என்று சார் கேட்பார். அடுத்த கடிதம் எனக்கு வரும்.

கடிதத்துக்கு முன்னால் வீட்டு எண்ணுக்கு ஒருமுறை பேச வேண்டும் என்பது விதி. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எடுத்தது அவர் அம்மா கருப்பாயி.

"ஓசூர் கம்பெனியிலருந்து பேசறேங்கம்மா. மாரிமுத்து இருக்காருங்களா?"

"பம்புசெட்டுக்குக் குளிக்கப் போயிருக்கான் தாயி. நாளு கூடிப்போச்சுன்னு தேடுறீகளா? அவன் அஞ்சாம் நாளே கெளம்பிட்டான். நாந்தேன் இருடான்னு புடிச்சு வச்சிருக்கேன்."

பிறகு நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். வரும் வழியில் மாரிமுத்து கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்கினாராம். தருமபுரியில் ஒரு சட்டை எடுத்து, கம்பெனிச் சட்டையைக் கழற்றி அதில் பழத்தைக் கட்டினாராம். அப்படியும் பாதி நசுங்கிவிட்டதாம். நசுங்கினதைத்தான் இருவரும் முதலில் தின்றார்களாம், பேசிக்கொண்டே. [தொப்பூரில் அவர் நிற்கவே இல்லை.]

"ஒரு காரணமும் சொல்லாம வந்து நிக்கவும் பயந்துட்டேன் தாயி. ஒன்னையப் பாக்கத்தேன் வந்தேன்றான். கம்பெனில சொன்னியாடான்னு கேட்டேன். ஆபீசுல மேடத்துகிட்ட சொல்லிட்டுத்தேன் வந்தேன்னான். அது நீங்கதானா?"

"ஆமாங்கம்மா," என்றேன். "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு."

வாயால் சொல்வதற்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

5

முடிவுகள்.

கடிதம் போகிறது. மாரிமுத்து அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறார். 'தகவல் ஏதுமின்றி' என்ற இடம் வரும்போது கருப்பாயிக்கு என் குரல் ஞாபகம் வருகிறது. இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

அல்லது, நான் தீர்த்தகிரி சாரின் அறைக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். [இதை நம்பாதீர்கள். பேனா என் கையில் இருக்கும்வரை நான் நல்லவளாகத்தான் இருப்பேன்.]

அல்லது, மாரிமுத்துவே திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே இருந்துவிடுகிறார். இருக்கட்டும். ஆனால் அதை அவர் முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு, அவர் வேலையை விட்டு ஓடினவரா, லீவில் அம்மாவைப் பார்க்கப் போனவரா என்பதை என் இரண்டு சொற்கள்தான் முடிவு செய்யப்போகின்றன. அவர் ஓட்டிய நானூறு கிலோமீட்டருக்கும் அதில் பங்கில்லை.

6

இரண்டு சொற்களையும் அழித்துவிட்டேன். கடிதம் இப்போது இப்படி இருக்கிறது:

'தாங்கள் ஜூன் 13 முதல் ____________ பணிக்கு வரவில்லை.'

அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள். கீழே கையெழுத்து உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

மணி ஐந்து நாற்பது. கெலமங்கலம் பஸ் ஹாரன் அடிக்கிறது. தீர்த்தகிரி சாரின் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. பஸ் கிளம்பிவிட்டது. நான் ஏறவில்லை.