பூஜைக்கு வைத்த மானிட்டர்

விஜயதசமியன்று காலையில் பூஜையறையிலிருந்து மானிட்டரை விஜயலக்ஷ்மி தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பின்பக்கம் பானை வயிறாகப் பிதுங்கிய பழைய மானிட்டர், இடுப்பு கழன்றுவிடும் கனம். கட்டிலை ஒட்டிய மேஜையில் இறக்கி, ஒயரை முன்னமே எடுத்துவந்திருந்த லேப்டாப்பின் பின்னால் செருகி, திருகாணிகளைக்கூட முறுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள். மானிட்டர் உறுமிக்கொண்டு விழித்தது. கருப்புத் திரையின் நடுவில் நீலக் கட்டம் ஒன்று வந்து 'நோ சிக்னல்' என்றது. பிறகு அதுவும் அணைந்தது. அணைத்துப் போட்டாள், பிடுங்கிச் செருகினாள், தலையில் இரண்டு தட்டும் தட்டினாள். லேப்டாப் என்னவோ வழக்கமான இசையோடு எழுந்துவிட்டது. மானிட்டர்தான் மறுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதை.

கட்டிலில் அவள் புருஷன் பட்டாபி பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது ஒன்றுதான் அவனால் முழுசாக முடிந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும் நோய். மூன்று வருஷங்களில் காலை எடுத்தது, கையை எடுத்தது, கடைசியில் பேச்சையும் எடுத்துக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலை மட்டும் மறந்துபோய் விட்டுவைத்திருந்தது. அந்த ஒரு விரலால்தான் அவன் லேப்டாப்பில் தட்டுவான், தமிழை ஆங்கில எழுத்தில். கஞ்சியில் உப்பு இல்லை என்பான். கரமனை ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்பான். ஒருநாள் லேப்டாப் கட்டிலிலிருந்து விழுந்து அதன் திரை இருண்டுபோனது. விஜயலக்ஷ்மியின் அண்ணா தன் ஆபீசில் ஒதுக்கிப் போட்ட மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். எழுத்தைப் பெரிசாக்கி வைத்தால் அடுக்களை வாசலில் நின்றே படிக்கலாம்.

அதையும் லேப்டாப்பையும் பூஜைக்கு வைக்க வேண்டும் என்று சொன்னது மாமியார் சுப்புலக்ஷ்மி. அஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களையும் சுருதிப்பெட்டியையும் அடுக்கும்போது, "அவன் நாக்கே அதுதானே. சரஸ்வதி கிட்ட அதை வெக்காம வேறெதை வெக்கறது?" என்றாள். பூஜைக்கு வைத்ததை தசமிவரை தொடக்கூடாது. விஜயலக்ஷ்மி பட்டாபியைப் பார்த்தாள். அவன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். ஒருமுறை என்றால் சரி, இரண்டுமுறை என்றால் வேண்டாம். அம்மாவுக்காக இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க அவன் ஒப்புக்கொண்டான்.

அந்த இரண்டு நாளுக்குள்தான் நேற்று வந்தது. மத்தியானம் கஞ்சி புரையேறி அவன் முகம் நீலமாகிவிட்டது. ஓடிவந்த டாக்டர் எல்லாம் அடங்கிய பிறகு அவளை ரேழிக்கு அழைத்துச் சொன்னார். இனி மூச்சு தானாக வெகுநாள் ஓடாது. தொண்டையில் துளை போட்டு மெஷினோடு இணைக்கலாம். இணைத்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் விரலும் போய்விடும், கண்ணும் போகலாம், அப்போதும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இணைக்காவிட்டால் அடுத்த புரையேறல்வரைதான். "அவரோட் தன்னே சோதிக்கணும். நாளெ வைகுந்நேரம் பறயணும்," என்றார் மலையாளத்தில். நாளைச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும், அதுவும் அவனையே கேட்டு, அவனே சொல்ல வேண்டும்.

அவள் கேட்டாள். கட்டிலோரம் மண்டியிட்டு, "கேட்டேளா, மெஷின் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். அவன் ஒருமுறை மூடவில்லை, இரண்டுமுறையும் மூடவில்லை. பூஜையறைப் பக்கம் பார்த்தான். மறுபடி கேட்டபோதும் அங்கேதான் பார்த்தான். சரி, வேண்டாம் என்ற இரண்டுக்குள் அடங்காத எதையோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அப்போதே எடுக்கப் போனவளை மாமியார் மறித்தாள். "நவமிடீ இன்னிக்கு. கார்த்தால எடுத்துடலாம். அபசகுனமா ஏதாவது ஆயிட்டா?" அதற்குமேல் என்ன அபசகுனம் ஆக வேண்டும் என்று விஜயலக்ஷ்மிக்குத் தொண்டைவரை வந்தது. பட்டாபி அம்மாவைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அனில் பத்து மணி சுமாருக்கு வந்தான். ஊரெல்லாம் கடை அடைத்திருந்தும் தசமியன்று முதல் வேலை கைராசி என்று கிளம்பி வந்திருந்தான். லேப்டாப்பின் இருண்ட திரைமேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் படம் நிழலாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் அம்புக்குறியைத் தேடித் தேடி நகர்த்தி எங்கெங்கோ போனான்.

"இதினு மானிட்டர் கண்டாத்தன்னே மனசிலாவுந்நில்ல சேச்சீ. டிரைவர் போயதாணு," என்றான்.

மானிட்டரை லேப்டாப்புக்கு அடையாளம் தெரியவில்லையாம், அடையாளம் காட்டும் டிரைவர் என்கிற புரோகிராம் கெட்டுவிட்டதாம். டிரைவரை அழித்தான், லேப்டாப்பை அணைத்து எழுப்பினான், பையிலிருந்த சிடியைப் போட்டு மறுபடி ஏற்றினான். ஒவ்வொருமுறை எழும்போதும் அந்த இசை வந்தது. ஒவ்வொருமுறையும் விஜயலக்ஷ்மி திரைப் பக்கம் குனிந்தாள். நீலக் கட்டம் வந்து நோ சிக்னல் என்று சொல்லிப் போனது. கட்டிலிலிருந்து கரகரவென்று மூச்சு கேட்டது, இடையில் நின்றது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி ஓடியது.

"ஃபார்மட் செய்யணும்," என்றான் அனில். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுவது; அந்தக் காலத்தில் ரிப்பேர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த மருந்து அது ஒன்றுதான், தலைவலிக்கும் தலையையே எடுப்பார்கள். அதற்கான சிடி கடைக்குள் இருந்தது, சாவி முதலாளியிடம், முதலாளி குழந்தையை எழுத்தில் இருத்தி அரிச்சுவடி தொடங்கிவைக்க எங்கோ கோவிலில் இருந்தார்.

"அனிலே, சாயங்காலம் வரைதான் எனக்கு நேரம். வேற எந்தெங்கிலும் வழி நோக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் விஜயலக்ஷ்மி. குரல் உடைந்துவிட்டது. அவன் பயந்துபோய்ப் பைக்கை எடுத்துக்கொண்டு முதலாளியைத் தேடிப் போனான்.

போனவன் வரவில்லை. மத்தியானம் ஆனது. வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில் கால்வரை வந்தது. விஜயலக்ஷ்மி ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நாலாவது எழுத்திலேயே அவன் கண்கள் களைத்துச் செருகிக்கொண்டன. அவள் அட்டையை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் முன்னால் அழக்கூடாது என்று மூன்று வருஷமாகக் காப்பாற்றிவந்த வைராக்கியம் ஒரு கறுப்புப் பெட்டியிடம் தோற்றுப்போயிற்று.

"நான் ஒரு கொறையும் வெக்கலையேடீ," என்று வாசற்படியில் நின்று புலம்பினாள் மாமியார். "டிவி மாதிரி இருக்கறதுக்கு வெச்சேன், எழுத்துப் பலகைக்கு வெச்சேன். ஒயர் நுனில வாய் மாதிரி இருக்கே, பேசறது அது வழியாத்தானேன்னு அதுக்கும் நன்னா சந்தனம் குங்குமம் வெச்சேன். இப்படிப் பண்ணிட்டாளே சரஸ்வதி!"

விஜயலக்ஷ்மியின் அழுகை நின்றது. எழுந்துபோய்த் திருகாணிகளைத் தளர்த்தி ஒயரைப் பிடுங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசி ஊசியான கம்பிகளுக்கு நடுவே மஞ்சளாகச் சந்தனம் இறுகிக் கிடந்தது. காலையில் அவளும் கவனிக்கவில்லை, அனிலும் இந்த முனையைக் கழற்றிப் பார்க்கவில்லை. வீடெல்லாம் சந்தன வாசனை அடிக்கும் நாளில் யாருக்குச் சந்தேகம் வரும்! மாமியாரை நோக்கி அவள் வாயைத் திறந்தாள். வந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. தன் தப்பு விளங்கிவிட்ட கிழவியின் முகத்தில் பயத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

படுக்கைப்புண்ணுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பழைய டூத்பிரஷ்ஷில் நனைத்து, கம்பி வளையாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுத்தாள். ஊதினாள். விசிறியால் வீசினாள். செருகவே இரண்டு மூன்று தடவை பிடித்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் பட்டாபியின் முகத்தைப் பார்த்தாள். அவன் கன்னத்தில் வெளிச்சம் நீலமாகப் படர்ந்தது.

"வந்துடுத்து! அம்மா, வந்துடுத்து!"

கிழவி கைகூப்பிக்கொண்டு அழுதாள். விஜயலக்ஷ்மி தலையணைகளை அடுக்கி அவனை நிமிர்த்தி, லேப்டாப்பை வயிற்றருகே வைத்து, விரலை எடுத்து எழுத்துகளின்மேல் வைத்தாள். "சொல்லுங்கோ," என்றாள்.

விரல் ஓர் எழுத்தின்மேல் இறங்கியது. எழவில்லை. திரையில் அந்த எழுத்து ஒன்று வந்தது, பத்து வந்தது, வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கி, அதுவும் நிறைந்தது. இரண்டு நாள் முன்புவரை எழுந்துகொண்டிருந்த விரல். பட்டாபியின் நெற்றி நரம்பு புடைத்தது. எழுப்பப் பார்க்கிறான், முடியவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் விஜயலக்ஷ்மி. இரண்டு நாள்! சாமிக்குக் கொடுத்த இரண்டு நாள்!

அவள் குனிந்து, தன் உள்ளங்கையை அவன் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். எழுத்து நின்றது. அவன் கையின் கனம் முழுவதையும் அவள் கை தாங்கிக்கொண்டது. விரல் நுனியில் மட்டும் ஒரு சின்ன அசைவு மிச்சமிருப்பது தெரிந்தது. இடப்பக்கமாக இழுத்தது, அவள் கூடவே போனாள். அழுத்தியது. 'v' என்று வந்தது. மறுபடி இழுத்தது, 'e' வந்தது. வேணும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தொடக்கம் அதுதான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. போனது யார்? அவன் இழுத்தானா, இவள் நகர்த்தினாளா? இவள் மனசு வேணும் வேணும் என்று அடித்துக்கொண்டிருந்தது. இருந்தால் போதும், கண் மட்டும் மிஞ்சினாலும் போதும், அதுவும் இல்லாமல் மெஷின் மட்டும் ஓடினாலும் போதும், இருக்கட்டும். அந்த ஆசை கை வழியாக இறங்கினால் ஒரு விரல் என்ன செய்யும்?

"என்னடி சொல்றான்? படியேன்," என்றாள் மாமியார்.

"இருங்கோம்மா."

வெளியே அனிலின் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பட்டாபி அவளைப் பார்த்தான். அவள் அவன் கையைத் தாங்கியபடியே திரைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை, தண்ணீரில் மிதக்க விடுவதுபோல, அவன் போகிற போக்குக்கு விட்டாள். ஓர் எழுத்து விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று விழுந்தது.