காற்றுக்கு லாரி வாடகை

தலையணைக் கம்பெனி முதலாளிக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. ஊருக்கு வெளியே, கல்குவாரியையும் தாண்டி ஒரு ஷெட் கிடைத்திருந்தது. கடைவீதிக்குப் பின்னால் இப்போது இருக்கிற இடத்தின் வாடகையில் கால்வாசிதான். கரண்டு மிச்சமென்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பேசுகிற மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அவர் மனைவிக்குத்தான் இது பிடிக்கவில்லை. தையல் பிரிவு அவள் பொறுப்பு. தைக்கிற பெண்கள் எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்தே வருகிறவர்கள். குவாரிக்கு அப்பால் ஒருத்தியும் வரமுடியாது. அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவர்களை எப்படிக் கைவிடுவாள்? அவரிடம் நயமாகச் சொன்னாள், முறைத்துச் சொன்னாள், கம்பெனிக்கு மேலேயே அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் பாத்திரத்தை உருட்டியும் சொன்னாள். மனிதர் மசியவில்லை.

"அங்க ஆளா கிடைக்காது? வேற ஆள் பாத்துக்கலாம்," என்றார்.

அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியவரை ஒரு நாளாவது நிறுத்திவைக்க, வாயில் வந்ததைச் சொன்னாள். "இன்னிக்குக் கடைக்குப் போற தலையணைய அங்க கொண்டுபோய், அங்கிருந்து கடைக்குக் கொண்டாந்து பாருங்களேன். வழி எப்படின்னாவது தெரியும்."

முலாம்பழத்தைக்கூட ருசி பார்க்காமல் வாங்காதவர். உடனே லாரி பிடித்தார்.

வழக்கமாகத் தள்ளுவண்டியில் நடை நடையாகத் தெருமுனைக் கடைகளுக்குப் போகிற சரக்கு அது. லாரி நிரம்பி வழிந்தும் பாதி கீழே கிடந்தது. முதலாளி மேலே ஏறி மிதித்தார். மிதித்த இடம் அமுங்கியது, காலை எடுத்ததும் எழுந்து நின்றது. கயிறு போட்டு இறுக்கினார். இரண்டு பக்கமும் பிதுங்கியது. டிரைவர் சொன்ன வாடகையைக் கேட்டு அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த மூட்டைய ஒத்தக் கையால தூக்கிடுவேன். இதுக்கா இவ்வளவு?"

"அப்ப தூக்கிக்கிட்டே வாங்க," என்றார் டிரைவர்.

மாலையில் தலையெல்லாம் பஞ்சோடு தையல் கூடத்துக்கு வந்து, மனைவி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நாம விக்கிறது முக்காவாசி காத்துதான். காத்துக்கு லாரி வாடகை அழுதுட்டு வந்திருக்கேன். ஷெட்ல மிச்சமாகுறது லாரிக்கே பத்தாது. கம்பெனி இங்கேயே இருக்கட்டும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் முகத்தில் தெளிவு கூடிக்கொண்டே போனது. அது நல்லதுக்கில்லை என்பது இத்தனை வருஷ அனுபவம்.

"ஆனா நாம காத்து இல்லையே! பஸ்ல ஒரே சீட்ல ரெண்டு பேரும் அடங்கிடுவோம். மாடிய காலி பண்ணிட்டு நாம குவாரிப் பக்கம் குடி போயிட்டா? அங்க வீடு கொள்ளை மலிவு."

ஆசை ஆசையாகக் குடியிருந்த வீடு. அவள் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். எதிரே மிஷின்கள் தடதடவென்று ஓடின. எதற்கோ அந்தப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"சாமான் எப்போ கட்டணும்?" என்றாள், அவருக்கு வேறு யோசனை வருவதற்குள்.