அந்த ஊர்க் காசு

ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இருந்த பெண் கார்டு மெஷினை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் இரண்டு தொகைகள். மேலே நம் ஊர்க் காசில் ஒன்று, கீழே அந்த ஊர்க் காசில் ஒன்று. எதில் கட்டப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டு நின்றது மெஷின்.

"வெளிநாட்டுக் காசுல தேய்ச்சா பேங்க்காரன் தனியா பீஸ் புடுங்குவான். எப்பவும் நம்ம காசுலயே போடு" என்று கிளம்பும்போதே கணவர் பாடம் எடுத்திருந்தார். கார்டு அவர் கணக்கில் வாங்கியது. தெருவில் அவருக்கு மீட்டர் என்றுதான் பெயர். கரண்ட் மீட்டரை நம்பாமல், சொந்தமாக இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் மாட்டிவைத்த மனிதர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மேலே இருந்ததையே அழுத்தினாள்.

மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு முடியாது என்றுவிட்டது.

கார்டு லிமிட்டுக்குள் அடங்கிவிடும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் வந்திருந்தாள். மெஷின் காட்டிய தொகை அவள் கணக்கைவிட அதிகம் என்பது இப்போதுதான் உறைத்தது. நடுவில் யார் எதைச் சேர்த்தார்கள் என்று ஒன்றும் புரியவில்லை.

பின்னால் சக்கர நாற்காலியில் தம்பி, வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. பில் கட்டாமல் வெளியே விடமாட்டார்கள். சாயங்கால விமானத்தை விட்டால் இன்னொரு டிக்கெட்டுக்கு வக்கில்லை.

"என்னக்கா, போகலையா?"

"போகும். நீ சும்மா இரு."

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காசு போனாலும் போகாவிட்டாலும் கணவர் போனுக்கு மெசேஜ் போய்விடும், ஆஸ்பத்திரி பெயரோடு. தம்பியும் அவரும் சேர்ந்துதான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை போட்டார்கள். ஒரு நாள் கடைச் சாமான்களில் பாதியை விற்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவன் பறந்துவிட்டான். அதற்கப்புறம் வீட்டில் இவன் பேச்சே கிடையாது. "உன் தம்பி, போய்ப் பாத்துட்டு வா. என் காசு ஒரு பைசா அவன் மேல படக்கூடாது. கார்டு உன் சாப்பாட்டுக்கு" என்று முகம் பார்க்காமல் சொன்னார். சரிங்க என்றாள். சொல்லும்போதே பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த வெட்கம் இப்போது காதுவரை சுட்டது.

கைப்பைக்குள் போன் அடித்தது. அவர்தான்.

"ஏங்க..."

"மெசேஜ் வந்துச்சு." பின்னால் கடையில் கம்ப்ரசர் ஓடும் சத்தம்.

"உங்ககிட்ட சொல்லத்தான் நினைச்சேன். அவங்க விடமாட்டேங்கறாங்க, அதான்..."

"எந்தக் காசுல போட்டே?"

"நம்ம காசுல. நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்." கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத வார்த்தை. "நேத்து பேங்க்ல போய்க் கேட்டேன். நம்ம காசுன்னு காட்டுறதுலயே அந்த மெஷின்காரன் லாபத்தை ஏத்தி வெச்சிருவானாம். பீஸைவிட அது ஜாஸ்தி. அந்த ஊர்க் காசுலயே போடு, லிமிட்டுக்குள்ள வரும். பீஸ் பின்னாடி தனியா வரும். வந்தா வரட்டும்."

கார்டு சாப்பாட்டுக்குத்தான் என்றவர் நேற்றே பேங்க்கில் போய் எதற்குக் கேட்டார்?

வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கார்டை மறுபடி சொருகினாள். கீழே இருந்ததை அழுத்தினாள். மெஷின் யோசித்தது. தம்பி மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது திரும்பாமலே தெரிந்தது.

சரசரவென்று சீட்டு வெளியே வந்தது.

"போயிருச்சுங்க."

"ம். மெசேஜ் வந்துருச்சு."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. கம்ப்ரசர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கவுண்ட்டர்ப் பெண் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைத் தள்ளினாள். அவளோ பேனாவை எடுக்காமல் திரும்பி, போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. இரண்டு கையாலும் சக்கரங்களைப் பிடித்தபடி, போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனுக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் நின்றது. அவர்தான் அதை அணைத்திருக்க வேண்டும்.