ஒன்பது வருஷத்துச் சளி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பதினெட்டு வருஷத்தில் ஒரு லென்ஸைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை என்று முதலாளியம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பெருமையில் யார் கண் பட்டதோ, ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடிகள் திரும்பி வந்தன.

மூன்றாவது கண்ணாடியைக் கொண்டுவந்தவர் தையற்கடை அம்மாள். கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இதப் போட்டா படிக்கட்டு எழுந்து என்னைப் பாக்க வருது. ஊசில நூல் கோக்கப் போயி விரல்லயே குத்திக்கிட்டேன், பாருங்க."

கண்ணாடிக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். வலது கண்ணுக்கானது இடதில் இருந்தது, இடதுக்கானது வலதில். கீழே 'சரிபார்த்தாயிற்று' என்று அவருடைய கையெழுத்தே சிரித்தது. எப்போது போட்டோம் என்று மண்டையைக் குடைந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

முதலாளியம்மா திட்டவில்லை. அவரைவிடப் பத்து வயது சின்னவள். "அண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் பிரச்சினை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள், சேர்ந்துதான் டிவி பார்க்கிறார்கள். படுப்பது மட்டும் தனித்தனியாக. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "என்னங்க, லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு, என்னால முடியல" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சின்ன அறைக்குப் போனவள் போனவள்தான். அதில் அவருக்கு வருத்தமில்லை. குறட்டை விடுகிறவனுக்கு எது நியாயமோ அதுதானே நடந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்.

காலையில் எழுந்தால் வாய் மரக்கட்டையாக உலர்ந்திருக்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். தலை இரண்டு பங்கு கனக்கும். எல்லோரும் இப்படித்தான் எழுகிறார்கள், யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தையற்கடை அம்மாள் வந்துபோன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இது மறதி நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பேருந்தில் உட்கார்ந்து, பள்ளியில் கூடப் படித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். பதினோராவது பெயருக்குள் தூக்கம் வந்துவிடும். இரண்டு தடவை இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினார். கடைசியில் மனைவிதான் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த டாக்டர் பத்துக் கேள்வி கேட்டுவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தலைக்குப் பார்க்கப் போனவனை மூக்குக்கு அனுப்பினால் எப்படி? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூக்கு டாக்டரம்மா நெற்றி விளக்கைப் போட்டு அவர் மூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மூக்குக்கு என்ன போடறீங்க?"

"சொட்டு மருந்து டாக்டர். எப்பயும் அடைச்சுக்கும். ஒரு சொட்டு விட்டா திறந்துக்கும்."

"கையில இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வைத்தார். கால்சட்டைப் பையிலிருந்து இன்னொன்று. மனைவி அவருடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து மூன்றாவதை எடுத்து வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது வருஷம் இருக்கும். ஒரு சளி பிடிச்சுது டாக்டர், அது இன்னும் விடல."

"சளி ஒரு வாரத்துலயே விட்டிருக்கும். இது மூணு நாலு நாளைக்கு மேல போடக் கூடாத மருந்து. போடப் போட உள்ள சதை வீங்கும். வீங்குனா அடைக்கும். அடைச்சா திரும்பப் போடறீங்க. ராத்திரி பூரா வாயாலதான் மூச்சு. தூக்கம் நூறு தடவை உடையுது, உங்களுக்கே தெரியாது. பகல்ல மூளை எங்கிருந்து வேலை செய்யும்?"

"அப்ப அடைப்புக்கு இந்த மருந்து இல்லையா?"

"இந்த மருந்துக்குத்தான் அந்த அடைப்பு."

அவர் குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது இதுதான் என்று நம்பியிருந்தார். ஊருக்குக் கிளம்பினால் துணியை மறந்தாலும் இதை மறந்ததில்லை. இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர்மேலா, அந்தப் பழைய சளிமேலா, தன்மேலேயா?

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா. முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தம். அதற்கு வேறொரு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும். அது திறந்த பிறகு இடது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே சிக்கல். காலையில் அரைத் தூக்கத்தில் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு பேனாவை எடுத்து வந்தாள். அவருடைய வலது புறங்கையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். "இந்தப் பக்கம் போட்டீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்."

அடுத்த ஒரு வாரம் வலது மூக்குக்குள் யாரோ சிமெண்டைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினார். ஒன்பதாம் நாள் கடையில், மெல்லிய ரக லென்ஸ் ஒன்றைத் தேய்ப்பு இயந்திரத்தில் வைத்து ஓட விட்டார். திடீரென்று அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. இயந்திரத்தை நிறுத்தினார், சுவிட்சுகளை அணைத்தார், "எல்லாரும் வெளிய போங்க, ஏதோ கசியுது!" என்று கத்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

முதலாளியம்மா உள்ளே வந்து மோந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"அண்ணே, இந்த லென்ஸத் தேய்ச்சா இப்படித்தான் நாறும். எத்தனை வருஷமா நாறுது! நான் எதுக்கு வாசல் பக்கமே உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க?"

பதினெட்டு வருஷத்தில் பாதியை இந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து கழித்திருக்கிறோமா என்று அவர் திகைத்துப் போனார். அதற்கு முந்தைய பாதியில் இந்த ரக லென்ஸ் வந்ததா, வந்து மோந்தோமா என்பதும் நினைவுக்கு வரவில்லை.

ஆறு வாரத்தில் இடது பக்கமும் திறந்தது. காலையில் வாய் ஈரமாக இருந்தது. கண்ணாடிகள் திரும்பி வரவில்லை. பேருந்தில் பதினோராவது பெயரைத் தாண்டிப் பத்தொன்பது வரை போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற தெம்பில் ஒரு ஞாயிறு காலை, சின்ன அறையிலிருந்த மனைவியின் தலையணையை அவரே எடுத்துவந்து பெரிய கட்டிலில் போட்டார். தேநீரோடு வந்த மனைவி அதைப் பார்த்தாள்.

"இது எதுக்கு இங்க?"

"குறட்டை நின்னுபோச்சே."

அவள் தேநீரை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "குறட்டைக்காகத்தான் போனேன். ஆனா அங்க எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க. லைட்டப் போட்டுக்கிட்டு ஒரு மணி வரைக்கும் படிப்பேன். குறுக்க படுப்பேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"என்மேல ஏதாவது கோபமா?"

"கோபம் இருந்தா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேனா?"

"அப்ப எனக்குப் புரியலையே."

"எனக்கும்தான் முழுசாப் புரியல" என்றாள் அவள். அது சமாதானத்துக்குச் சொன்னது போலத் தெரியவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன். பாப்போம்."

சொன்னபடியே வந்தாள். புத்தகத்தையும் கொண்டுவந்தாள். அவர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா வருத்தப்பட வேண்டிய விஷயமா என்று யோசித்துக் கிடந்தார். யோசனை முடிவதற்குள் தூங்கிவிட்டார்.

"எப்படி?" என்று காலையில் கேட்டார்.

"குறட்டை சுத்தமா இல்ல. ஆனா தூக்கத்துல பவர் பவரா சொல்றீங்க. மைனஸ் ரெண்டே கால்னு நாலு தடவை."

"அடுத்த சனிக்கிழமை வருவல்ல?"

"வர்றேன், வர்றேன்" என்று அவள் தலையணையை எடுத்து இடுக்கிக்கொண்டு போனாள்.