மாமா போட்ட தொப்பை

வாலில்லாத ஒரு பூனையை வாரப் பத்திரிகையில் ஆறு வருடம் படக்கதையாக வரைந்தார் அப்பா. ஒல்லி உடம்பு, துருத்திய முதுகெலும்பு, எதற்கும் சிரிக்காத முகம். பெயர் வாலறுந்தான்.

அப்போதுதான் கார்ட்டூன் படம் எடுக்க முதல்முதலாக ஒரு ஸ்டுடியோ திறந்தார்கள். வரைந்தது நகரும் என்ற ஆசையில் அப்பா அங்கே சேர்ந்தார். பூனையை அம்மாவின் தம்பியிடம் ஒப்படைத்தார். மாமா அதுவரை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர்.

"ரெண்டு வருஷம் பாத்துக்கோ. வந்து வாங்கிக்கறேன்."

ஸ்டுடியோவில் ஒரு குதிரை வேலி தாண்ட நாற்பது தாள் வரைய வேண்டும். விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் குனிந்தே அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. படம் பாதியில் இருக்கும்போதே முதலாளி கையை விரித்துவிட்டார். குதிரை அந்தரத்தில் நின்றது.

அப்பா பத்திரிகைக்குத் திரும்பினார். அதற்குள் மாமாவின் கையில் பூனைக்குத் தொப்பை விழுந்து, கன்னம் உப்பியிருந்தது; கட்டத்துக்குக் கட்டம் அது பல்லிளித்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள்.

ஆசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நாலு பக்கம் வருது, உங்க மச்சினரால ஒண்டியா முடியல. பாதிய நீங்க போடுங்க. ஆனா அவர் பூனை மாதிரியே இருக்கணும்."

"அது என் பூனைங்க."

"யாரு இல்லைன்னா? படிக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "நான் விலகிக்கறேன் அத்தான்."

"நீ விலகினா வேற ஆளைத் தேடுவாங்க. உக்காரு. அந்தத் தொப்பைய எங்கேருந்து ஆரம்பிக்கறே?"

மாமா பென்சிலை எடுத்தார். யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் அம்மா, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடம் அப்படி ஓடியது. பிறகு மாமாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. "இனி உங்க இஷ்டம் அத்தான். பழைய பூனையையே போடுங்க. ஆசிரியர்கிட்ட பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முதுகெலும்பை இழுத்தார். கோடு வளைந்து தொப்பைக்குப் போனது. அழித்தார். வாயை நேராக வைத்தார். வாயோரம் தானே மேலேறியது. தாள் நைந்துபோகும்வரை அழித்தார்.

"பழைய இதழ் எடுத்துத் தரட்டுமாப்பா?"

"வேணாம்மா. ஒம்போது வருஷம் உங்க மாமா போட்டதைப் பாத்துத்தானே போட்டேன். என்னோடதையுமா?"

மதியம் பத்திரிகை ஆள் வந்தபோது, தொப்பைப் பூனையையே உறையில் வைத்துக் கொடுத்தார். அடுத்த வாரமும் அதைத்தான் போட்டார்.