கழுதைக் குரல்

கப்பலில் என்னைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் நான் ஒரு சாண் உயரத் துணிக் கழுதை. இன்ஜின் அறையில், தலைக்கு மேலே போகும் குழாயில் என்னைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஆளுக்கொரு தடவை என் காதை இழுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். இழுத்து இழுத்து இடது காது கையோடு வந்துவிட்டது. சமையல்காரர் அதைச் சாக்குத் தைக்கும் நூலால் தைத்துவிட்டார்.

என்னை அங்கே கொண்டுவந்தவர் ஃபிட்டர். முதல் தடவை அவர் புறப்பட்டபோது, பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்காத அவர் மகள் என்னை அவர் பைக்குள் திணித்து, "இவன் எங்கெங்க போறான்னு எனக்குக் காட்டணும்" என்றாள்.

அவர் வாக்குத் தவறவில்லை. பனி படிந்த நங்கூரச் சங்கிலியின்மேல் நான், ஆரஞ்சுப் பழப் பெட்டிகளின்மேல் நான், இருபுறமும் மணலாகவே கிடக்கும் கால்வாயில் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு நான். எல்லாப் படத்திலும் நான். படம் எடுத்தவர் ஒன்றிலும் இல்லை. அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போடுவார். சொந்தக் குரலில், "சாப்பிட்டியா? ஒழுங்கா படிக்கிறியா?" என்பார். அந்தப் பக்கமிருந்து "ம்" என்று வரும். அடுத்த கேள்விக்கு அதுவும் வராது. உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு என் குரலில் தொடங்குவார்.

"குட்டி, கழுதை பேசுறேன். உங்கப்பன் ஒரு வாரமா குளிக்கல. பக்கத்துல தொங்க முடியல."

அவள் சிரிக்கிற சத்தம் இன்ஜின் இரைச்சலை மீறிக்கொண்டு கேட்கும்.

"பொண்ணு உங்ககிட்ட பேசுதா, கழுதைகிட்ட பேசுதா?" என்று ஒருநாள் சமையல்காரர் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் ஃபிட்டர்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவார். பெரியவர் இல்லாமல் கப்பல் ஓடாதே. அதனால் இந்தத் தடவை அவர் ஸ்டூல் போட்டு ஏறி என் முடிச்சை அவிழ்த்தபோது இன்ஜின் அறையே நிமிர்ந்து பார்த்தது.

"அப்போ திரும்பி வர்றதா இல்லையா?" என்றார் சமையல்காரர்.

"மச்சான் அவரோட பம்பு பட்டறைக்கு ஆள் தேடறாரு. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இருந்துடலாம்னு பாக்கறேன்."

"பெரியவரே, எங்கள மறந்துடாதீங்க" என்று சமையல்காரர் தான் தைத்த காதை விட்டுவிட்டு மற்றதை இழுத்தார்.

வீட்டை நினைத்துக்கொண்டேதான் அத்தனை கடலையும் தாண்டியிருந்தேன். ஆனால் ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. குட்டி அப்பாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். கதவைத் திறந்ததும், "அட, கழுதை!" என்று என்னை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகுதான், "வாங்கப்பா" என்றாள். ஃபிட்டர் பெட்டியோடு வாசலிலேயே நின்றார். எனக்குக் கிடைத்த அந்த அணைப்பு எனக்கு வரவேண்டியது இல்லை. அதை அவரிடம் எப்படிக் கொடுப்பது என்று ஒரு துணிக் கழுதைக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது, "எப்பப்பா கிளம்புறீங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்கிற கேள்விதான். அவர் கோப்பையை ஒருமுறை சுற்றி வைத்தார். பிறகு என்னை எடுத்து முழங்கால்மேல் உட்கார வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"குட்டி, உங்கப்பன் இனிமே கப்பலுக்குப் போகலையாம். இங்கயே கெடந்துக்கறானாம். வச்சுக்கறியா, தொரத்திடலாமா?"

என் முதுகைப் பிடித்திருந்த கை வியர்த்திருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தொரத்திடு கழுதை. இங்க இருந்தா படி படின்னு என் உயிர எடுப்பாரு" என்று சிரித்துக்கொண்டே என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு டியூஷனுக்கு ஓடினாள்.

அந்தக் குரலில் வந்ததெல்லாம் அதுவரைக்கும் விளையாட்டுதான். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். சொந்தக் குரலில் அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. கிளம்பிய அன்று என்னை அவள் மேசைமேல் வைத்தார். திறந்திருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஏங்கியவன்தான் நான், ஆனாலும் கடைசி நிமிடத்திலாவது உள்ளே போட்டுக்கொள்வார் என்று நம்பினேன். ஜிப்பை இழுத்து மூடினார்.

சில நாள் கழித்து அம்மா துணி மடித்துக்கொண்டே குட்டியிடம் சொன்னாள்: "மாமா பட்டறை வேலைய உங்கப்பா வேண்டாம்னுட்டாரு. உங்கிட்ட கேட்டாராம், நீ போகச் சொல்லிட்டியாம்."

"எங்கிட்டயா? எப்போ?"

கேட்டுவிட்டு, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் படம் வந்தது. முதல் தடவையாக அதில் அவர் இருந்தார். யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். காதோரமெல்லாம் நரை. சட்டைக் காலரில் கிரீஸ். வலது கையை மட்டும், எதையோ ஏந்தியிருப்பதுபோல் மார்பு உயரத்தில் வைத்திருந்தார். வெறுங்கை.

குட்டி நெடுநேரம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனில் பதிவு பட்டனை அழுத்தி, என்னைத் தூக்கிப் பிடித்து, தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். என்ன தோன்றியதோ, கையை எடுத்துவிட்டு என்னைக் கீழே வைத்தாள்.

"அப்பா," என்றாள். "நான் கழுதைகிட்டதான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லல."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அது அவரிடம் போய்ச் சேரவில்லை. சிக்னல் எட்டாத தூரத்துக்குக் கப்பல் போயிருக்கும்.

கிளம்பும்போது யார் காதை இழுத்தார்களோ.