காலி வீடு

வெர்னா டல்லக் செய்த ஒரே தப்பு, அன்றைக்குக் கதவைத் திறந்ததுதான்.

வாசலில் ஆரஞ்சுச் சட்டை. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வாயில் சர்க்கரை. "இன்னும் நீலக் கம்பெனிலயா கரண்ட் வாங்கறீங்க? அய்யய்யோ! பழைய ஆளுங்களைத்தான் அவங்க மொட்டையடிப்பாங்க. எங்ககிட்ட வந்துருங்க. யாருகிட்ட வாங்கறதுங்கறது உங்க உரிமை!"

ஆஸ்திரேலியாவில் கரண்டுக்கே பேர்போன ஊர் மோர்வெல். அங்கே வந்து கரண்டுக்கு விளக்கம் சொல்கிறான். வெர்னாவின் புருஷன் கெல், ஓடைக்கு அப்பால் இருந்த அனல் மின் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் கொதிகலனோடு கிடந்தவர். அங்கே விழுங்கிய ஆஸ்பெஸ்டாஸ் தூசி இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. நிலையத்தை இடித்துத் தள்ளியாயிற்று. கம்பி மட்டும் அதே கம்பி. அதைக் காட்டி விற்க முப்பது கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஆனாலும் பென்ஷனில் ஓடும் வீடு. வெர்னா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, உள்ள ஒருத்தர் மெஷின்ல இருக்காரு. கரண்டை வெட்டக் கூடாதுன்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பர் நீலக் கம்பெனில இருக்கு. அது உங்ககிட்ட வந்துருமா?"

"எல்லாம் தானா வந்துரும் வெர்னா. கவலையே படாதீங்க!" என்று டேப்லெட்டை நீட்டினான். வெர்னா கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு மெஷின் வீறிட்டது. பக்கத்து வீட்டில் டிவி பாடிக்கொண்டிருந்தது. இவர்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. வெர்னா குழாயை அவசரச் சிலிண்டருக்கு மாற்றினாள். முள் பாதிக்குக் கீழே நின்றது. ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

போனில் ஐம்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள்.

"ஹாய், நான் டாம்சின்! இன்னைக்கு நாள் எப்படிப் போகுது?"

"வீட்டு கரண்டை வெட்டிட்டீங்க. என் புருஷன் மெஷின்ல இருக்காரு."

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க வீடு காலின்னு காட்டுதே வெர்னா."

டாம்சின் கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆரஞ்சுச் சட்டை, நீலக் கம்பெனியில் இவர்களுடைய பதினாலாம் நம்பர் வீட்டுக் கணக்கை ஒழுங்காக மூட வைத்தவன், தன் கம்பெனியில் திறக்கும்போது நாற்பத்தொன்று என்று தட்டியிருந்தான். பதினாலில் யாருமே குடியில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தது. மெல்போர்னில் உட்கார்ந்தபடியே எவரோ ஒரு விரலால் பட்டனைத் தட்டி வெட்டிவிட்டார்கள்.

"டாக்டர் பேப்பர் நீலக் கம்பெனில இருக்கு, கேளும்மா!"

"இருக்கு, என் ஸ்க்ரீன்லயே தெரியுது. ரெண்டும் நாங்கதான் வெர்னா, பேருதான் வேற. ஆனா அங்கேருந்து இங்க எடுக்க எனக்கு அனுமதி இல்ல."

எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இதில் உரிமையாம், தூ!

"முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு கண்ணு. ஒரு விரலால வெட்டினீங்கல்ல? அதே விரலால போடு. இல்லேன்னா அவரு மூச்சு நிக்கிற சத்தத்தை இந்த போன்லயே கேளு."

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் வேகமெடுத்தது. நாலு நிமிஷம் கழித்து மெஷின் உறுமத் தொடங்கியது.

"வேற ஏதாவது உதவி வேணுமா? எங்க மூணாவது கம்பெனில ஒரு புது ஆஃபர்..."

வெர்னா போனை வைத்தாள்.

கெல் குழாயைச் சரி செய்துகொண்டு, இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகப் பேசினார். "அந்தக் காலத்துல கரண்ட் யார் வீட்டுக்குப் போகுதுன்னே... எங்களுக்குத் தெரியாது வெர்ன். அப்பவும்... ஒழுங்காப் போச்சு."

வெர்னா இரண்டு அட்டைகளில் தடித்த மையால் எழுதி, வாசல் கதவில் ஒன்றும் மீட்டர் பெட்டியில் ஒன்றுமாக ஒட்டினாள். வெட்டும் விரல் மெல்போர்னில் இருக்கிறது, அதற்குக் கண் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் நாலு மூலையிலும் டேப் போட்டு அழுத்தினாள்.

"இந்த வீடு காலி இல்லை. உள்ளே ஒருவர் மூச்சு விடுகிறார்."